தலை, கழுத்து ஆபரேஷனுக்குப் பிறகு பார்வை போகுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கழுத்தில் கட்டி, மூக்கில் சதை வளர்ச்சி, தாடையில் புற்றுநோய், முக எலும்பு முறிவு என்று ஏதோ ஒன்றுக்காக ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. ஒப்புதல் படிவத்தை நீட்டுகிறார்கள். ரத்தக்கசிவு, தொற்று, குரல் மாற்றம் என்று நீளும் பட்டியலின் கடைசியில் "மிக அரிதாகப் பார்வை இழப்பு" என்று ஒரு வரி. பேனா அங்கேதான் நின்றுவிடுகிறது. அந்த ஒரு வரியைப் பற்றி நோயாளிகளும் வீட்டாரும் கேட்கிற கேள்விகளுக்கான பதில்கள் இவை. உங்களை நேரில் பரிசோதித்த மருத்துவர் சொல்வதற்கு இது மாற்று அல்ல. அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள உதவும்.

கழுத்தில் கத்தி வைத்தால் கண் எப்படிப் பாதிக்கப்படும்?

கண்ணுக்கு ரத்தம் வருவது கழுத்து வழியாக. பயன்படுத்திய ரத்தம் திரும்பிப் போவதும் பெரும்பாலும் கழுத்து வழியாகத்தான். கழுத்தின் இரு பக்கமும் ஏறும் கேரோட்டிட் தமனியிலிருந்து பிரியும் ஒரு கிளைதான் கண்ணுக்கு உணவு தருகிறது. முகத்திலிருந்தும் மூளையிலிருந்தும் இறங்கும் ரத்தம் கழுத்தின் பெரிய சிரைகளில் வடிகிறது. வயலுக்கு நீர் வரத்து குறைந்தாலும் பயிர் வாடும், வடிகால் அடைத்துக்கொண்டாலும் அழுகும் அல்லவா? பார்வை நரம்பின் கதையும் அதேதான். யாரும் கண்ணைத் தொடவே இல்லை, ஆனாலும் கண் பாதிக்கப்படுகிறது.

மூக்கு, சைனஸ், முக எலும்பு ஆபரேஷன்களில் விஷயம் வேறு. அங்கே பிரச்சினை தூரம். கண்குழிக்கும் சைனஸ் அறைகளுக்கும் நடுவே இருப்பது காகிதம் போல மெல்லிய ஓர் எலும்புத் தகடு. அதன் மருத்துவப் பெயரே லத்தீனில் 'காகிதத் தகடு' என்றுதான் பொருள்படும்.

இது எவ்வளவு அரிது?

மிக அரிது. ஆனால் "மிக" என்பது ஆபரேஷனுக்கு ஆபரேஷன் மாறும். அமெரிக்காவில் 1996 முதல் 2005 வரை ஆபரேஷன் செய்துகொண்ட 56 லட்சம் பேரின் பதிவுகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், இதய ஆபரேஷனுக்குப் பிறகு பார்வை இழந்தவர்கள் 10,000 பேருக்கு 8.64. முதுகெலும்பை இணைக்கும் ஆபரேஷனில் 3.09. குடல்வால் ஆபரேஷனில் வெறும் 0.12. தலை, கழுத்து ஆபரேஷன்கள் இந்தக் கணக்கில் தனியாக இல்லை. இருந்தாலும் நீளமான, ரத்தம் அதிகம் போகிற ஆபரேஷன்களில்தான் ஆபத்து கூடுகிறது என்பதை இந்த எண்கள் காட்டிவிடுகின்றன.

இமை அழகு சீரமைப்பைப் பற்றித் தனிக் கணக்கு உண்டு. கண்ணுக்குப் பின்னால் ரத்தம் சேர்வது ஏறக்குறைய 2,000 பேரில் ஒருவருக்கு. அதனால் நிரந்தரமாகப் பார்வை போவது ஏறக்குறைய 22,000 பேரில் ஒருவருக்கு. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பாருங்கள். ரத்தம் சேர்ந்த பத்துப் பதினோரு பேரில் ஒருவருக்குத்தான் பார்வை போகிறது. மற்றவர்கள் தப்பிவிடுகிறார்கள். அதில் நேரத்துக்குக் கவனித்ததற்குப் பெரிய பங்கு உண்டு.

மயக்கம் தெளிந்ததும் கண் மங்கலாக இருந்தால் பார்வை போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. மயக்கத்தில் இருக்கும்போது பலருக்கு இமை முழுசாக மூடாது. கண் காய்ந்துவிடாமல் களிம்பு தடவி, இமைமேல் பிளாஸ்திரி ஒட்டுவார்கள். அந்தக் களிம்பே சில மணி நேரம் எல்லாவற்றையும் புகைமூட்டமாகக் காட்டும். இன்னொன்று, கருவிழியின் மேல்படலத்தில் விழும் சிராய்ப்பு. மயக்க மருந்தோடு தொடர்புடைய கண் காயங்களில் இதுதான் அதிகம். மணல் விழுந்தது போல உறுத்தும், நீர் வடியும், வெளிச்சம் பார்த்தால் கூசும். சொட்டு மருந்து போட்டால் பொதுவாக ஓரிரு நாளில் ஆறிவிடும்.

இங்கே ஒரு வேடிக்கையான முரண் இருக்கிறது. வலிக்கிற கண்ணைப் பார்த்து எல்லோரும் பதறுகிறார்கள். ஆனால் பார்வை நரம்புக்கு ரத்தம் குறைந்து பார்வை போகும்போது வலியே இருக்காது, கண்ணும் சிவக்காது. வெளியிலிருந்து பார்த்தால் நல்ல கண். உள்ளே வெறும் இருட்டு.

வலியோடு வரும் ஆபத்தான நிலையும் ஒன்று உண்டு: கண்ணின் அழுத்தம் திடீரென்று ஏறும் ஒருவகை கிளாக்கோமா. கண்ணின் முன்பகுதி குறுகலாக அமைந்தவர்களுக்கு, கண்மணியை விரிய வைக்கும் சில மருந்துகளால் இது வரலாம். கண் சிவக்கும், தலை வலிக்கும், விளக்கைச் சுற்றி வளையம் தெரியும், குமட்டும். அந்தக் குமட்டலை "மயக்க மருந்து வாந்தி" என்று நினைத்து விட்டுவிடுவதுதான் சிக்கல். சீக்கிரம் கண்டுபிடித்தால் சிகிச்சை உண்டு.

பெரிய கழுத்து ஆபரேஷனில் பார்வை நரம்புக்கு என்னதான் ஆகிறது?

பார்வை நரம்பு கண்ணுக்குப் பின்னாலிருந்து கிளம்பி, கண்குழியைத் தாண்டி, எலும்புக் குழாய் ஒன்றின் வழியாக மண்டைக்குள் போகிறது. கண்ணை ஒட்டிய முன்பகுதிக்கு ரத்தம் ஒரு வழியில் வருகிறது. பின்பகுதிக்கு, நரம்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையிலிருந்து உள்ளே இறங்கும் நூல் போன்ற குழாய்கள்தான் உணவு. கடைமடை வயல் மாதிரி. மேலே தண்ணீர் கொஞ்சம் குறைந்தாலும் முதலில் காய்வது அதுதான்.

கழுத்தில் இரு பக்கமும் நிணநீர்க் கட்டிகளை அகற்றும் ஆபரேஷனை நினைத்துக்கொள்ளுங்கள். பல மணி நேரம் ஓடும். ரத்தம் போகிறது, ஹீமோகுளோபின் இறங்குகிறது, ரத்த அழுத்தமும் இடையிடையே தாழ்கிறது. வரத்து இப்படிக் குறையும் அதே நேரத்தில் கழுத்துச் சிரையைக் கட்டவேண்டி வந்தால் முகத்திலும் தலையிலும் ரத்தம் தேங்குகிறது, வீக்கம் ஏறுகிறது, மண்டைக்குள் அழுத்தம் கூடுகிறது. ஒரு பக்கம் உள்ளே தள்ளும் விசை குறைவு, மறு பக்கம் வெளியே எதிர்க்கும் விசை அதிகம். நடுவில் நசுங்குவது அந்த நூல் குழாய்கள். நரம்பின் பின்பகுதி இப்படிப் பட்டினி கிடந்து கெடுவதுதான் கழுத்து ஆபரேஷனுக்குப் பிறகு வரும் பார்வை இழப்பில் அதிகம் பேசப்படுவது.

ஒருவருக்கு வருகிறது, அதே ஆபரேஷன், அதே அளவு ரத்த இழப்பு உள்ள இன்னொருவருக்கு வருவதில்லை. ரத்தக்குழாய் அமைப்பு ஆளுக்கு ஆள் வேறுபடுவது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. அதனால்தான் "ஹீமோகுளோபின் இந்த எண்ணுக்குக் கீழே போகாவிட்டால் ஆபத்தே இல்லை" என்று சொல்லக்கூடிய கோடு எதுவும் கிடையாது.

கழுத்துச் சிரையை எடுத்தே ஆகவேண்டுமா?

ஒரு காலத்தில் எடுத்தார்கள். அமெரிக்க அறுவை மருத்துவர் ஜார்ஜ் கிரைல் 1906-இல் விவரித்த ஆபரேஷனில், நிணநீர்க் கட்டிகளோடு கழுத்தின் பெரிய தசை, தோளைத் தூக்கும் நரம்பு, கழுத்து உட்சிரை எல்லாம் சேர்ந்து போய்விடும். நோயை வேரோடு பிடுங்கவேண்டும் என்ற எண்ணம். 1960-களுக்குப் பிறகு, புற்று ஒட்டிக்கொள்ளாத உறுப்புகளை விட்டுவைத்து நிணநீர்த் திசுக்களை மட்டும் எடுக்கும் முறை பரவியது. இன்று இரு பக்கமும் ஆபரேஷன் செய்தாலும் ஒரு பக்கத்துச் சிரையையாவது காப்பாற்றத்தான் பார்ப்பார்கள். இரண்டையும் எடுக்க வேண்டியிருந்தால், ஒரே நாளில் செய்யாமல் இடைவெளி விட்டு இரண்டு முறையாகச் செய்வதுண்டு. அந்த இடைவெளியில் முதுகெலும்பை ஒட்டிய சிறு சிரைகள் விரிந்து மாற்றுப் பாதையாக வேலை செய்யப் பழகிக்கொள்ளும்.

எப்போதும் இது கைகூடாது. கட்டி சிரையைச் சுற்றி வளைத்திருந்தால் அங்கே சமரசத்துக்கு இடமில்லை. உங்களுக்கு எது திட்டம் என்பதை முன்பே கேட்டுவிடுங்கள்.

சைனஸ் ஆபரேஷன் எண்டோஸ்கோப்பில்தானே செய்கிறார்கள், அதிலுமா ஆபத்து?

உண்டு. அரிதுதான், ஆனால் மூன்று வழிகளில் வரலாம்.

முதலாவது ரத்தக்கசிவு. கண்குழிக்கும் மூக்குக்கும் நடுவே ஓடும் ஒரு சிறு தமனி அறுபட்டால், அறுந்த முனை ரப்பர் போலச் சுருங்கிக் கண்குழிக்குள் போய்விடும். மூக்கில் ரத்தம் நின்றது போலத் தெரியும், ஆனால் உள்ளே கொட்டிக்கொண்டிருக்கும். கண்குழியின் கொள்ளளவு சுமார் 30 மில்லி. பின்னாலும் பக்கங்களிலும் எலும்பு, விரிய இடமே இல்லை. அழுத்தம் ஏறினால் கண் முன்னுக்குத் தள்ளும், இமை கல் போல இறுகும், கண்ணுக்கு வரும் ரத்தம் நின்றுவிடும். தமனி என்றால் சில நிமிடங்களில் நடக்கும். சிரைக் கசிவு என்றால் மெதுவாக, சில நேரம் வார்டுக்குப் போன பிறகுகூட.

இரண்டாவது, கருவி நேராக நரம்பில் படுவது. சிலருக்குப் பின்பக்கச் சைனஸ் அறை ஒன்று வழக்கத்தைவிட நீண்டு வளர்ந்து, பார்வை நரம்பு அதன் சுவரிலேயே புடைத்துத் தெரியும். இந்த அமைப்புக்கு ஓனோடி அறை என்று பெயர். ஆபரேஷனுக்கு முன் எடுக்கும் சி.டி. ஸ்கேன் சைனஸ் அடைப்பைப் பார்க்க மட்டும் அல்ல, இப்படிப்பட்ட அமைப்புகளைத் தெரிந்துகொள்ளவும்தான். முன்பே ஒருமுறை ஆபரேஷன் ஆன மூக்கில் வழக்கமான அடையாளங்கள் அழிந்திருக்கும். அங்கே கவனம் இரட்டிப்பாகத் தேவை.

மூன்றாவது, ஊசி. ரத்தக்கசிவைக் குறைக்க மூக்கினுள் போடும் மருந்தோ, வீங்கிய மூக்குச் சதைக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசியோ, மிக அபூர்வமாக ரத்தக்குழாய் வழியே பின்னோக்கி ஓடிக் கண்ணின் தமனியை அடைத்ததாகப் பதிவுகள் உள்ளன. முக அழகுக்காக மூக்கிலும் புருவங்களுக்கு நடுவிலும் போடும் ஃபில்லர் ஊசியிலும் இதே வழிதான். அதில் ஆபரேஷனே இல்லை, "சும்மா ஓர் ஊசிதானே" என்று போகிறார்கள். என்னைக் கேட்டால், ஒப்புதல் படிவத்தில் இந்த எச்சரிக்கை பெரிய எழுத்தில் இருக்கவேண்டிய இடம் அதுதான்.

கண்ணுக்குப் பின்னால் ரத்தம் சேர்ந்தால் என்ன செய்வார்கள்?

கண்ணின் வெளி ஓரத்தில், இமைகள் சேரும் இடத்தில் ஒரு சிறு வெட்டு வெட்டி, இமையை எலும்போடு கட்டி வைத்திருக்கும் நாரை அறுத்து விடுவார்கள். கேட்கவே கூசும், ஆனால் மரத்துப்போகும் ஊசி போட்டுக் கட்டிலிலேயே சில நிமிடங்களில் முடிக்கக்கூடிய வேலை அது. இமை தளர்ந்ததும் கண் கொஞ்சம் முன்னால் வர இடம் கிடைக்கும், அழுத்தம் இறங்கும். மூக்கில் பஞ்சு அடைத்திருந்தால் எடுத்துவிடுவார்கள். அழுத்தத்தைக் குறைக்க மேனிட்டால், அசிட்டசோலமைடு போன்ற மருந்துகளும் கொடுப்பார்கள். தேவைப்பட்டால் திரும்பவும் ஆபரேஷன் அறைக்குப் போய்க் கசிவை நிறுத்தவேண்டும். இமை ஓரத்தில் போட்ட வெட்டைப் பிறகு தைத்துக்கொள்ளலாம்.

ரத்தம் நின்றுபோன விழித்திரை சுமார் ஒன்றரை மணி நேரம் தாக்குப்பிடிக்கும். அதற்குமேல் சேதம் ஏறிக்கொண்டே போகும். கண் புடைத்து, இமை இறுகி, பார்வையும் குறைந்திருந்தால் ஸ்கேனுக்காகக் காத்திருக்கக் கூடாது என்று மருத்துவர்களுக்குச் சொல்லித்தருவது இதனால்தான்.

ஆபரேஷன் மேசையில் படுக்க வைத்த விதத்தால் பார்வை போகுமா?

போகலாம். குப்புறப் படுக்க வைத்துச் செய்யும் ஆபரேஷனில் தலையணை விளிம்பு கண்ணின் மேல் அழுத்திவிட்டால் விழித்திரைத் தமனி அடைபடும். அந்த ஒரு கண் மட்டும் பாதிக்கப்படும், சுற்றிலும் வீக்கமோ கன்றலோ இருக்கும். முகத்தில் கருவிகளையோ கையையோ ஊன்றாமல் இருப்பதும், கண்ணை அவ்வப்போது எட்டிப் பார்ப்பதும் மயக்க மருந்து மருத்துவரின் வேலைகளில் ஒன்று.

ஆனால் எல்லாப் பழியையும் தலையணைமேல் போட முடியாது. அமெரிக்க மயக்க மருந்து மருத்துவர் சங்கம் 1999-இல் ஒரு பதிவேடு தொடங்கியது. முதுகெலும்பு ஆபரேஷனுக்குப் பின் பார்வை போன 93 பேரின் விவரத்தை 2006-இல் அலசியபோது 83 பேருக்குப் பார்வை நரம்புதான் பாதிக்கப்பட்டிருந்தது. அவர்களில் 55 பேருக்கு இரு கண்ணும். 83 பேரில் சிலருக்குத் தலையைக் கவ்வியில் பொருத்தி அந்தரத்தில் நிறுத்தியிருந்தார்கள், கண்ணில் எதுவும் பட்டிருக்கவே வழியில்லை. ஆனால் 96 சதவீதம் பேருக்கு ஒன்று ரத்த இழப்பு ஒரு லிட்டரைத் தாண்டியிருந்தது, அல்லது மயக்கம் ஆறு மணி நேரத்தைத் தாண்டியிருந்தது. கழுத்து ஆபரேஷனில் மல்லாந்துதான் படுப்பீர்கள். இருந்தாலும் நேரமும் ரத்தமும் சொல்லும் பாடம் ஒன்றுதான்.

யாருக்கு ஆபத்து கூடுதல்?

உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், புகைப்பழக்கம், ரத்தக்குழாய் அடைப்பு, ரத்தசோகை, உடல் பருமன், தூக்கத்தில் மூச்சுத் தடை உள்ளவர்களைக் கூடுதல் கவனத்தோடு பார்ப்பார்கள். ஏற்கெனவே கிளாக்கோமா இருந்தாலோ, ஒரு கண்ணில் பார்வை நரம்பு பாதித்திருந்தாலோ அதுவும் முக்கியம். ஆனால் எந்த நோயும் இல்லாதவர்களுக்கும் வந்திருக்கிறது. ஆபத்துக் காரணம் இல்லை என்பது உத்தரவாதம் இல்லை.

ஆபரேஷனுக்கு முன் நான் என்ன சொல்லவேண்டும், என்ன கேட்கவேண்டும்?

உங்களுக்கு ஒரு கண்ணில்தான் நல்ல பார்வை என்றால் அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். எல்லோரும் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கேட்பார்கள், கண்ணைக் கேட்காமல் விட்டுவிடுவது உண்டு. கண் சொட்டு மருந்து போடுகிறவர் ஆபரேஷன் அன்றும் போடவேண்டுமா என்று கேளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகள், ஆஸ்பிரின், மூலிகை மருந்துகள், சில்டெனாபில் போன்ற ஆண்மைக்குறைவு மாத்திரைகள் எல்லாவற்றையும் பட்டியலில் சேருங்கள். கடைசியில் சொன்னதைக் கூச்சப்பட்டு மறைக்கவேண்டாம், அது பார்வை நரம்புப் பாதிப்போடு தொடர்புபடுத்திப் பேசப்படும் மருந்து. ரத்த அழுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். அன்று காலை எதைச் சாப்பிடுவது என்பதை மயக்க மருந்து மருத்துவர் சொல்வார். காண்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிடுங்கள்.

அப்புறம், நீளமான ஆபரேஷன் என்றால் இந்தக் கேள்விகளைத் தயங்காமல் கேட்கலாம். ரத்தக்கசிவைக் குறைக்க ரத்த அழுத்தத்தை வேண்டுமென்றே தாழ்த்துவீர்களா? எனக்கு ஏற்கெனவே பி.பி. இருப்பதால் எவ்வளவு வரை இறக்குவீர்கள்? தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி வைப்பீர்களா? தலை உயர்ந்திருந்தால் முகத்தில் ரத்தம் தேங்குவது குறையும். கேள்வி கேட்பதால் எந்த நல்ல மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வீட்டார் என்ன செய்யலாம்?

இதுதான் இந்தப் பக்கத்திலேயே எனக்கு முக்கியமாகப் படுகிற கேள்வி.

பெரிய வாய், கழுத்து ஆபரேஷன் முடிந்து வருகிறவருக்குத் தொண்டையில் மூச்சுக்குழாய் ஓட்டை போட்டிருக்கலாம். பேச முடியாது. முகம் வீங்கி இமை திறக்காது. ஐசியூவில் அரைத் தூக்கத்தில் வைத்திருப்பார்கள். கண் தெரியவில்லை என்று அவர் எப்படிச் சொல்வார்? எழுதிக் காட்டச் சொல்லிக் காகிதமும் பேனாவும் கொடுப்பார்கள், அதையும் பார்க்க முடியாதவரிடம். அவர் கையை உதறினால் "மயக்கம் தெளியவில்லை, குழப்பத்தில் இருக்கிறார்" என்று இன்னொரு ஊசி போட்டுவிடலாம்.

அதனால் முந்தின நாளே ஒரு சைகை பேசி வைத்துக்கொள்ளுங்கள். கண் தெரியாவிட்டால் கையை நெற்றியில் வைப்பது, உள்ளங்கையை இரண்டு தரம் அழுத்துவது, எதுவானாலும் சரி. அதைச் செவிலியரிடமும் சொல்லி வையுங்கள். மயக்கம் தெளிந்த பிறகு "தெரியுதா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். ஆமாம் என்று தலையாட்டிவிடுவார். ஒரு கண்ணை மெதுவாக மறைத்துவிட்டு, இன்னொரு கண்ணுக்கு எதிரே விரல்களைக் காட்டி எத்தனை என்று கேளுங்கள். பிறகு மறு கண். ஒரு கண் போனது பல பேருக்கு உடனே தெரியாது, நல்ல கண் அந்தக் குறையை மறைத்துவிடும். இமை வீங்கி மூடியிருந்தால் நீங்கள் இழுத்துத் திறக்கவேண்டாம், செவிலியரைக் கூப்பிடுங்கள். மூடிய இமைமேல் டார்ச் அடித்து வெளிச்சம் தெரிகிறதா என்று கேட்டாலே ஒரு தகவல் கிடைக்கும்.

தெரியவில்லை என்று அவர் சொன்னால் காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்கவேண்டாம். நள்ளிரவாக இருந்தாலும் மருத்துவரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

பார்வை இழப்பு என்று சந்தேகம் வந்தால் என்ன பரிசோதனை செய்வார்கள்?

முதலில் டார்ச். வெளிச்சம் பட்டால் கண்மணி சுருங்குகிறதா என்று பார்ப்பதிலேயே பாதிக் கதை தெரிந்துவிடும். சுருங்கவில்லை, சோம்பலாகச் சுருங்குகிறது என்றால் கோளாறு பெரும்பாலும் விழித்திரையிலோ பார்வை நரம்பிலோ. நன்றாகச் சுருங்குகிறது, ஆனால் இரு கண்ணிலும் எதுவும் தெரியவில்லை என்றால் பின்மண்டையில் இருக்கும் பார்வைப் பகுதியில் பக்கவாதம் வந்திருக்கிறதா என்று தேடுவார்கள். இந்த வகையில் விசித்திரமான ஒன்று உண்டு. சிலர் தங்களுக்குக் கண் தெரியவில்லை என்பதையே உணர மாட்டார்கள், எதிரே இருப்பதைப் பார்த்துச் சொல்வது போல இட்டுக்கட்டிச் சொல்வார்கள். அன்டன் நோய்க்குறி என்று இதற்குப் பெயர். விரல் எண்ணச் சொல்லுங்கள் என்றதற்கு இன்னொரு காரணம் இது.

அடுத்து, கண் மருத்துவர் விழித்திரையைப் பார்ப்பார். தமனி அடைபட்டிருந்தால் விழித்திரை வெளிறி, நடுவில் செர்ரிப் பழ நிறத்தில் ஒரு புள்ளி தெரியும். நரம்பின் பின்பகுதி பாதித்திருந்தால் முதல் சில வாரங்களுக்கு எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும். நான்கு முதல் ஆறு வாரம் கழித்துத்தான் நரம்பு முனை வெளுக்கும். "கண்ணைப் பார்த்தோம், நன்றாகத்தான் இருக்கிறது" என்ற பதில் ஆரம்பத்தில் முழுப் பதில் ஆகாது. கண் அழுத்தம் அளப்பார்கள், ரத்தப் பரிசோதனை, சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பார்கள்.

போன பார்வை திரும்புமா?

காரணத்தைப் பொறுத்தது. சிராய்ப்பு, களிம்பு மங்கல் எல்லாம் சரியாகிவிடும். கண்குழி ரத்தக்கசிவை நேரத்தில் வடித்துவிட்டால் பார்வை மீள நல்ல வாய்ப்பு உண்டு. மூளைப் பாதிப்பில் சிலருக்குச் சில வாரங்களில் ஓரளவு தேறும்.

பார்வை நரம்பின் பின்பகுதி பட்டினியால் கெட்டிருந்தால், வருத்தமான பதில்தான். நிரூபிக்கப்பட்ட சிகிச்சை எதுவும் இல்லை. தாழ்ந்த ரத்த அழுத்தத்தை உயர்த்துவார்கள், ரத்தம் குறைந்திருந்தால் ஏற்றுவார்கள், ஆக்சிஜன் கொடுப்பார்கள், தலையை உயர்த்தி வைப்பார்கள். மிச்சமிருக்கும் நரம்பிழைகளையாவது காக்கலாம் என்ற கணக்கு. ஸ்டீராய்டு சில இடங்களில் கொடுக்கிறார்கள், பலன் உறுதியாகவில்லை. சிலருக்கு ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சம், நிழலசைவு திரும்பியிருக்கிறது. பலருக்குத் திரும்புவதில்லை. இதை மழுப்பிச் சொல்வதால் யாருக்கும் நன்மை இல்லை.

டிஸ்சார்ஜ் ஆன பிறகும் ஆபத்து இருக்கிறதா?

சைனஸ், கண்குழி ஆபரேஷன் ஆனவர்கள் மருத்துவர் சொல்லும்வரை மூக்கைப் பலமாகச் சிந்தக்கூடாது. காற்று கண்குழிக்குள் புகுந்து இமை உப்பிவிடும். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். கண் புடைத்தல், கடும் வலி, இரண்டிரண்டாகத் தெரிதல், நிறம் மங்குதல் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குத் திரும்பவேண்டும்.

காதுக்குக் கீழே உள்ள உமிழ்நீர்ச் சுரப்பியில் ஆபரேஷன் ஆகி முக நரம்பு தளர்ந்திருந்தால் இமை மூடாது. அறுபடாத நரம்பு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், ஆனால் அதற்குள் கருவிழி காய்ந்து புண்ணாகிவிடக்கூடாது. பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, இரவில் களிம்பு போட்டு இமையை ஒட்டிவிடுவது என்று மருத்துவர் சொல்லித்தருவார். இதைச் சின்ன வேலையாக நினைத்து விடுபவர்கள் அதிகம்.

மூக்குக்குப் பின்புறமோ சைனஸிலோ புற்று இருந்து கதிர்வீச்சும் எடுத்துக்கொண்டவர்களுக்கு, மாதங்கள் அல்லது வருடங்கள் கழித்து வலியில்லாமல் பார்வை குறையலாம். பெரும்பாலும் முதல் மூன்று ஆண்டுக்குள். எனவே கண் பரிசோதனையைத் தொடருங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு பக்க இமை தொங்குகிறது. பார்வை போகுமா?

கழுத்தில் கேரோட்டிட் தமனியை ஒட்டி ஓடும் ஒரு நரம்புச் சங்கிலி பாதிக்கப்பட்டால் அந்தப் பக்க இமை லேசாக இறங்கும், கண்மணி சிறுக்கும், வியர்வை குறையும். ஹார்னர் நோய்க்குறி. இதனால் பார்வை போகாது. மருத்துவரிடம் காட்டிக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பயத்தில் ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா?

புற்றுக்கட்டியைப் பொறுத்தவரை தள்ளிப்போடுவதில்தான் பெரிய ஆபத்து. கட்டி வளர வளர ஆபரேஷன் நீளும், ரத்த இழப்பு கூடும், சிரையைக் காப்பாற்றும் வாய்ப்பு குறையும். அதாவது எதற்குப் பயந்தீர்களோ அதை நோக்கியே நடக்கிறீர்கள். அவசரம் இல்லாத ஆபரேஷன், உதாரணமாக அழகுக்காகச் செய்வது என்றால், யோசித்து, இன்னொரு மருத்துவரையும் கேட்டு முடிவெடுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

பார்வை போனவர் யாரோ நிற்பதாகச் சொல்கிறார். புத்தி பேதலித்துவிட்டதா?

இல்லை. கண்ணிலிருந்து தகவல் வருவது நின்றதும் மூளை தானாகவே படம் போடத் தொடங்கும். கோலம் போன்ற வடிவங்கள், பூக்கள், முகங்கள், சிறு மனிதர்கள்கூடத் தெரியலாம். சத்தம் இருக்காது, பெரும்பாலும் அது நிஜம் இல்லை என்று அவருக்கே தெரியும். சார்ல்ஸ் பொன்னே என்ற சுவிஸ் அறிஞர் தம்முடைய தாத்தாவுக்கு இப்படித் தெரிந்ததை 1760-இல் எழுதி வைத்தார், இன்றும் அவர் பெயரில்தான் இது அழைக்கப்படுகிறது. பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பலர் இதை வெளியே சொல்வதே இல்லை. கண்ணை வேகமாக இடமும் வலமும் அசைத்தாலோ அறையில் விளக்கைப் போட்டாலோ சிலருக்கு உருவங்கள் மறையும். நாள்பட நாள்பட வருவதும் குறையும். குரலும் சேர்ந்து கேட்டாலோ, அவர் பயந்து குழம்பினாலோ அது வேறு விஷயம், மருத்துவரிடம் சொல்லவேண்டும்.